பில்லின் பின்பக்கம்

ஃபாதர் ஒபியோரா,
தொகை முன்பக்கத்தில் இருக்கிறது.
பம்பில் துரு, வேறொன்றுமில்லை.
ஞாயிறு பூசைக்கு வரும் பதினொரு பேருக்கும்
இனி முழங்கால் விறைக்காது.

அன்றைக்கு உங்கள் சமையலறையில்
கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.
மேயோவில் நவம்பர் மழைக்கு அப்படியொரு குணம்,
வாயைக் கிளறும்.
ஆனால் கேட்டதில் எதையும் திரும்பப் பெறப்போவதில்லை.

கல்லறைச் சுவருக்கு வெளியே, முள்மரத்தடியில்,
மாடுகள்கூடச் சுற்றிப்போகும் மேட்டில்
என் அண்ணன் கிடக்கிறான்.
நாற்பது நிமிடம் உயிரோடிருந்தான்.
சைக்கிளில் வந்த பாதிரியாருக்கு
ஐம்பது நிமிடம் ஆனது.
எதிர்க்காற்று.

அவசரத்துக்கு யார் கையும் போதும்,
யாரும் தண்ணீர் ஊற்றலாம் என்று
மறுவாரம் சொன்னாராம்.
அடுப்பருகே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.
அப்பா அந்த வாளியைப் பிறகு தொடவில்லை.
வெண்ணெய்ப் பெட்டியில் பிள்ளையை வைத்து
இருட்டிய பின் தனியாகத் தூக்கிப்போனார்,
திருடனைப் போல.

சுவருக்கு உள்ளே, பளிங்கின் கீழ்,
கடைக்கார லாவெல் படுத்திருக்கிறார்.
மாவுக் கடனுக்கு வயலை எழுதி வாங்கியவர்.
சாகும் நேரத்தில் எண்ணெய் பூசி, மன்னிப்புப் பெற்று,
சுத்தமாகப் போனார்.
மன்னித்தவர் யார்?
வயலை இழந்தவர்களிடம்
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

நரக பயம் இல்லாவிட்டால்
மனிதன் நல்லது செய்வானா என்று
பிரசங்கத்தில் கேட்டீர்களாம், நோரீன் சொன்னாள்.
போன குளிரில் ராத்திரி இரண்டு மணிக்கு
டெலியா வீட்டுக் குழாய் வெடித்தது. போனேன்.
யாரும் என்னைத் துரத்தவில்லை.
அவளுக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான்.
காசு வாங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகத்தான் அதைக் கேட்டேன்:
எங்கள் ஊர்க்காரர்கள் கப்பலேறி
உங்கள் ஆற்றங்கரைக்கு வந்து சேருமுன்
செத்துப்போன உங்கள் முப்பாட்டன்
இப்போது எங்கே, ஃபாதர்?

கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.
திருச்சபை இப்போது அப்படிச் சொல்வதில்லை என்பீர்கள்,
அப்படியானால் நகர்ந்தது
குழந்தைகளா, வரைபடமா என்று கேட்கக்
காத்திருந்தேன்.

"நானும் கேட்டேன், செமினரியில்," என்றீர்கள்.
"மூன்று நாள் என் மேசையில் யாரும் உட்காரவில்லை."
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு
டார்ச்சைத் தேடினீர்கள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கதவு கிடையாது.
ஏறிக் குதித்ததில் உங்கள் அங்கி கிழிந்தது.
ஜெபம் சொல்லிவிடுவீர்களோ என்று
எனக்கு உள்ளூரப் பயம்.
சொல்லவில்லை.
பெயர் என்ன என்று மட்டும் கேட்டீர்கள்.

இல்லை என்றேன்.
அது பொய்.
அவனுக்கென்று எடுத்துவைத்த பெயரைத்தான்
இரண்டு வருடம் கழித்துப் பிறந்த எனக்கு வைத்தார்கள்.
அறுபத்தொரு வருடமாக
அவன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை,
பாவசங்கீர்த்தனக் கூண்டில்கூட,
அங்கே போய்க்கொண்டிருந்த காலத்தில்.

நான் நம்பவில்லை, ஃபாதர்.
நீங்கள் நம்புகிறீர்கள்; எப்படி என்று
ஒருநாள் சொல்லுங்கள், சண்டைக்கு வருகிறேன்.

பம்ப் எப்படியும் ஈஸ்டர் வரை தாங்காது.
அதுவரை ராத்திரியில்
அணைத்துவிடாதீர்கள்.

மாலக்கி