தாழ்ப்பாள்

ராத்திரி நாலு முறை தாழ்ப்பாள் சத்தம்.
கேட்டால், கேத்திக் குளிர் என்பார்.
சித்திரையிலும் அதே குளிர்.

காட்டெருமை நிற்குமோ என்று
டார்ச்சோடு வாசலில் நான்.
கேரட் பாத்தியோரம் அவர்,
சொட்டுச் சொட்டாய்,
ரொம்ப நேரம்.

வருஷம் தவறாமல்
மண்ணை ஊட்டிக்கு அனுப்பிச் சோதிப்பவர்
ஒரு குப்பி ரத்தம் கொடுக்க
மூன்று பஸ்ஸை விட்டார்.
"விரல் விட்டுப் பார்ப்பாங்களாம்"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.
ரெண்டு பெத்தவகிட்ட சொல்றீங்களா என்றேன்.
"போஜன், ஐம்பத்திரண்டு" என்று
கூப்பிட்டார்கள்.
எழுந்தேன், அவருக்கு முன்னால்.

கோவையில் சதை கிள்ளிப் பார்த்த டாக்டர்
"முளையிலேயே பார்த்துட்டோம்" என்றார்.
முளை என்றதும்தான்
நிமிர்ந்து பார்த்தார்.

இன்றைக்கும் எழுந்தார்.
தாழ்ப்பாளைத் தொடுமுன்
என் தோளைத் தட்டினார்.