வெள்ளிக்கிழமை பறந்தால்

வெள்ளிக்கிழமை பறந்தால் இருநூறு வெள்ளி கூடுதல்.
செவ்வாயோ வெறுவாயோ, விலை குறைச்சல் என்கிறாள் புனிதமலர்.
இரவு பதினோரு மணி.
பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில்
இரண்டு தே தாரிக், ஒன்றில் சீனி குறைவு.
ரொட்டி சானாய் ரசீதின் பின்பக்கத்தில்
ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான்கு இரவு, புடாபெஸ்ட்.
ஏன் புடாபெஸ்ட்?
பாரிஸில் ஓர் இரவு படுக்கும் காசுக்கு
அங்கே மூன்று இரவு படுக்கலாம்.
நடுவில் ஆறு ஓடுமாம்,
இந்தக் கரை புடா, அந்தக் கரை பெஸ்ட்.
"நம்ம ஊர்லகூட ரெண்டு ஆறு சேருதுலா,
மஸ்ஜிட் ஜாமெக் பக்கத்துல.
ரயிலுக்கு ரெண்டு வெள்ளிதான்."
சொல்லிவிட்டு அவளே
படகுச் சவாரிக்கு ஒரு வரி ஒதுக்குகிறாள்.

அவள் வெள்ளியில் நினைக்கிறவள்.
நான் யூரோவை வெள்ளியாக்கி,
வெள்ளியை ரூபாயாக்கி,
அதற்குப் பிறகுதான் திடுக்கிடுகிறேன்.
ஒரு காப்பி முந்நூற்றைம்பது.
கழிவறைக்கு ஒருதரம் போய்வர நூறு.
"அப்ப தண்ணி குடிக்காதீங்க."
அதையும் எழுதிக்கொள்கிறேன்.

ஜெடாவில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்தால்
எண்ணூறு வெள்ளி மிச்சம்.
உட்காருவோம்.
எட்டுக் கட்டில் போட்ட அறை, மேல்தட்டு எனக்கு.
குளிருடுப்பு இரவல்,
எஸ்தர் கெந்திங் போக வாங்கி
ஒரே நாள் போட்டது.
குட்டி ரைஸ் குக்கர் அவள் பெட்டியில்.
அவளை யாரும் நிறுத்துவதில்லை,
சிவப்புக் கடப்பிதழ்,
காட்டினால் முத்திரை, போய்க்கொண்டே இருக்கலாம்.

என்னுடையது நீலம்.
ஆறு மாத வங்கிக் கணக்கு,
முதலாளி கடிதம்,
திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி,
வெள்ளைப் பின்னணியில் சிரிக்காத முகம்.
"காது தெரியணும் பாஸ்" என்று
ஸ்டூடியோக்காரர் என் தலையை
தேங்காய் பார்க்கிறவர் மாதிரித் திருப்பினார்.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
எங்களுக்கு ஏது அது?
அப்பா பெயரை எழுதிவைத்தேன்.
விசா மையத்தில் எண் வந்ததும்
"மிஸ்டர் சுடலைமுத்து" என்று கூப்பிட்டார்கள்.
தென்காசிக்கு மேல் டிக்கெட் கிழித்தறியாத நடத்துநர்
என் கால்களில் எழுந்து
மூன்றாம் சன்னலுக்குப் போய்
பத்து விரலையும் கண்ணாடியில் பதித்தார்.

ஒரு தாள் குறைந்தது.
பயணக் காப்புறுதி.
முப்பதாயிரம் யூரோவுக்கு என்னை மதித்தால்தான்
உள்ளே விடுவார்களாம்.
கீழ்மாடியில் மிஸ் சியூ லிங் படிவத்தை நீட்டினாள்.
தொலைந்த பெட்டி, ஒடிந்த கால்,
எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.
ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றது.
மரணம் நேர்ந்தால்
உடலை எங்கே அனுப்ப வேண்டும்?

மூன்று நாணயத்திலும் கணக்குப் போடத் தெரிந்தவன்
ஓர் ஊர்ப்பெயருக்குத் திணறினேன்.
பதினாலு வருஷச் சம்பளம் இந்த ஊரில்.
வாக்குச்சீட்டு அந்த ஊரில், போட்டதில்லை.
இங்கே வருஷா வருஷம் புதுப்பிக்கும் பெர்மிட்.
அங்கே கதவு திறந்தால்
எந்த ஸ்விட்ச் எந்த விளக்கு என்று தெரியாது.
"பிறகு நிரப்பலாம் சார், அவசரமில்லை"
என்றாள் சியூ லிங்,
அவள் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது.

புனிதா பேனாவைப் பிடுங்கினாள்.
"நாலு நாளு போறதுக்கு இவ்ளோ யோசனையா?"
பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் பெயர், பிளாக் சி,
ஏழாவது மாடி,
வீட்டு எண்.
எழுதி முடித்துவிட்டு,
"லிஃப்ட் பாதி நாள் ஓடாது,
அதையும் போடணுமா?" என்று கேட்டாள்.
சியூ லிங்குக்குத் தமிழ் புரியாது.
நான் சிரித்த சத்தத்துக்கு
அவளும் சிரித்துவைத்தாள்.

தொண்ணூற்றாறு வெள்ளி.
ரசீதில் இடமில்லை.
படகுக்குக் கீழே,
புகைக்கூண்டுக் கேக்குக்கு மேலே
நெருக்கி எழுதினேன்.