இரண்டு, சுழியம், ஏழு

ஜொங்ஷான் மருத்துவமனை மூன்றாம் மாடியில்
"ஃபுங் சுய்-கேய்" என்று இருமுறை கூப்பிட்டார்கள்.
முதல்முறை அண்ணனுக்குக் கேட்கவில்லை.
குளிர் தொடங்கியதிலிருந்தே இடது காது அடைப்பு.
தண்ணீர் புகுந்திருக்கும் என்றான்.
முத்தாற்றுப் படகில் பிறந்தவன் காதில்
வேறென்ன புகும் என்று
நானும் சிரித்தேன்.

மூக்கின் பின்கட்டில்
எந்தக் கண்ணாடிக்கும் எட்டாத அறையில்
பட்டாணி அளவில் ஒன்று.
டாக்டர் சொன்னதில் "பட்டாணி"யை மட்டும்
அண்ணன் வாங்கிக்கொண்டான்.

பிறகு என் கையையும் நீட்டச் சொன்னார்கள்.
ஆய்வுக்குக் கூடப்பிறந்தவர்கள் வேண்டுமாம்.
மூன்று குழாய் ரத்தம், ஒரு கையெழுத்து,
பதிலுக்கு ஒரு பொட்டலம் சோயா பால்.

ஏழு மாதம் கழித்து
ஹோ யூக்-மான் என்கிற ஆய்வகத்துக்காரி
காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
"கிருமி எல்லோரிடமும்தான் இருக்கிறது.
என்னிடம், உங்களிடம், கீழே சீட்டுக் கிழிப்பவரிடம்.
சின்ன வயதில் யாருடைய எச்சிலோடோ வந்து
வாடகை தராமல் தங்கிவிடும்.
நீங்கள் மீன்துறையில் எடை போடுகிறவர்தானே?
ஒவ்வொரு படகும் அடித்தட்டிலிருந்து
ஒரு கை அள்ளித் தட்டில் காட்டும் அல்லவா,
செல்லும் அப்படித்தான்.
உள்ளே நடப்பதில் ஒரு துணுக்கைத்
தட்டில் வைத்து வாசலில் நீட்டும்.
காவல் வந்து பார்த்துவிட்டுப் போகும்.
தட்டின் வடிவம்தான் ஆளுக்கு ஆள் வேறு.
அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று.
சில தட்டில் சில துணுக்கு
சரியாக உட்காராமல் வழுக்கிவிடலாம்.
காவல் கவனிக்காமல் போகலாம்.
பல வருடம் கழித்து அது வளரலாம்."

அந்த "லாம்"களை அவள்
கண்ணாடிக் குழாய்போலப் பத்திரமாகப் பிடித்திருந்தாள்.

தலையெழுத்தா என்று கேட்டேன்.
"எழுத்து உண்டு. தலையில் இல்லை" என்றாள்.

தட்டின் எண்: இரண்டு, சுழியம், ஏழு.
அண்ணனுக்கும் அதே. மறுபக்கத் தட்டும் அதே.
இருவருக்கும் அச்சு அசலாக இப்படி அமைய
நான்கில் ஒரு வாய்ப்பாம்.

அன்று மாலையே அண்ணன்
இரண்டு சுழியம் ஏழில் லாட்டரி வாங்கினான்.
விழவில்லை.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று.
ஒரே தட்டு என்றால் ஏன் அவன்?
உப்பு மீன், ஒரே பானைச் சோற்றோடு.
அவனுக்குத் தலை, எனக்கு வால்.
புகை. அவன் எஞ்சினை ஒட்டிப் படுத்தான்,
நான் இரண்டு முழம் தள்ளி.
சிகரெட், அவன் நான்கு பேர் பார்க்க,
நான் வலைக்குவியலுக்குப் பின்னால்.
இருபது வருடம் தராசடியில் நிற்கிறவள் நான்.
இந்தக் கணக்கில் மிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது,
அதைப் போட எனக்கு ஒரு பெட்டி இல்லை.

"ஒரு பக்கம் சாய்ந்த படகு கவிழ்ந்த படகல்ல"
என்றான் அண்ணன், கஞ்சியை ஆற்றியபடி.
நான் விழவில்லை. அவன் விழுந்தான்.
அவன் சொல்கிறான் இதை.

ஒரு நாள் அம்மாவின் படத்தைப் பார்த்து
என்னவோ கேட்க வாயெடுத்தேன்.
அப்புறம் தோன்றியது:
எந்தக் காய்ச்சல் வருடத்திலோ
வேறொரு கிருமியை இதே தட்டு
சரியாகத் தூக்கிக் காட்டியிருக்கலாம்.
படகோடு படகாக எல்லோரும் போன பிறகு
ஒருத்தி மட்டும் அதனால் எழுந்து
துடுப்பைப் பிடித்திருக்கலாம்.
இல்லாவிட்டால் அம்மா ஏது, அண்ணன் ஏது.

(இந்த "லாம்" ஹோ யூக்-மானுடையது அல்ல.
என்னுடையது.)

இப்போது ஆண்டுக்கொருமுறை
என் மூக்கில் கேமரா விடுகிறார்கள்.
பின்கட்டு வரை போய் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
ஒன்றுமில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்கிறார்கள்.
பெஞ்சில் அண்ணன், தண்ணீர் பாட்டிலும் கையுமாக.
முப்பத்து மூன்று முறை கதிர் வைத்ததில்
எச்சில் வற்றிவிட்டது,
வார்த்தைக்கு ஒரு மடக்கு வேண்டும்.

கதவு திறக்கிறது. என் பெயர்.
வலது காதை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தவன்
எனக்கு முன்னால்
எழுந்து நிற்கிறான்.