ஏலப் பட்டியல்

ஒஹாயோவில், நீதிமன்ற நிலவறையில்
பழுப்பேறிய கட்டைப் பிரிக்கிறேன்.

லெமுவேல் ட்ராஸ்க், என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன்.
1850 கணக்கெடுப்பில் வயது முப்பத்தொன்று,
1860-ல் முப்பத்தெட்டு.
மூன்று வருடத்தை எங்கே ஒளித்தான்?
பிறந்த இடம் ஒருமுறை வெர்மான்ட், மறுமுறை கனடா.
எழுத வந்தவனுக்குக் கை விறைத்திருக்கலாம்,
கதவைத் திறந்தது குழந்தையாக இருந்திருக்கலாம்.

மனைவியின் பெயர்
'தி' என்று தொடங்கி
மைக்கறைக்குள் போய்விடுகிறது.
கல்லறையிலும் அவள் 'லெமுவேலின் மனைவி' மட்டும்தான்.

போகலாமென்று எழுந்தபோது அகப்பட்டது:
மார்ச் 1863, இறந்தவன் உடைமைகள் ஏலம்.
ஏர் ஒன்று, கெல்சி எடுத்தான்.
ஒற்றைக்கண் குதிரை, கேட்பாரில்லை.
செப்புக் கெட்டில், பன்னிரண்டு சென்ட்,
எடுத்தவர்: விதவை திர்சா ட்ராஸ்க்.

தினமும் தன் அடுப்பில் கொதித்ததைத்
தானே விலைகேட்டு வாங்கியிருக்கிறாள்,
பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பார்த்து நிற்க.
யாராவது பதின்மூன்று என்றிருந்தால்?

"நகலுக்கு இருபத்தைந்து சென்ட்," என்றார் எழுத்தர்.
பையைத் துழாவி
சில்லறையாகவே கொடுத்தேன்.