பக்கம் அறுபத்து மூன்றில் ஒரு கோடு

செய்தி நான்கே வரி. ஒன்பதாம் பக்கம்,
தொலைந்த பூனைக்கும் கூரைத்தகடு விளம்பரத்துக்கும் நடுவில்:
"பயணிகள் போதாமையால்
பீட்டர்பரோ பதினேழாம் இலக்க அதிகாலை பஸ்
ஒக்டோபரோடு நிறுத்தம்."

போதாமை.
அந்தச் சொல்லை வாசித்தபோது
அதே பஸ்ஸில்தான் நின்றுகொண்டிருந்தேன்.
இருக்க இடமில்லை.
ஹலீனாவின் முழங்கை என் விலாவில்,
குவாபெனாவின் சாப்பாட்டுப் பை என் பாதத்தின் மேல்.

"கவுன்சில் அறிக்கை தெரிவிக்கிறது" என்றும் இருந்தது.
எந்த அறிக்கை?
எங்கே நின்று எங்களைப் பார்த்தார்கள்?

பண்டகசாலை இடைவேளை பதினைந்து நிமிடம்.
அட்டைப்பெட்டியில் சாய்ந்து கைபேசியில் தேடினேன்.
ஜூலைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல்.
பதினோராவது விடயம், விவாதமின்றி ஏற்கப்பட்டது.
பின்னிணைப்பு இ-ஐப் பார்க்க.
பின்னிணைப்பு ஆ இருந்தது.
ஈ கூட இருந்தது, அது புல்வெட்டும் செலவு.
இ-ஐ மட்டும்
கடைவாய்ப்பல் போலப் பிடுங்கியிருந்தார்கள்.

கேட்டால் தர வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.
உள்துறை என்னைப் பற்றி வைத்திருந்த கோப்பை
வக்கீல் ஒருமுறை கேட்டு வாங்கினார்.
அதில் என் பிறந்த மாதமே பிழை.
அன்றிலிருந்து தாள்களை நம்புவதில்லை,
வாசிக்காமல் விடுவதும் இல்லை.

காரணம் சொல்லத் தேவையில்லை என்றது படிவம்.
சொன்னேன். நீளமாகச் சொன்னேன்.
பிறகு அழித்தேன்.

இருபது வேலைநாள் தவணை.
பத்தொன்பதாம் நாள் மாலை நாலு ஐம்பத்தாறுக்கு,
கதவு பூட்டுகிற நேரம் பார்த்து வந்தது.
எண்பத்து நாலு பக்கம்.
பெயர்களின் மேலெல்லாம் கறுப்பு மை.

பக்கம் அறுபத்து மூன்று, அட்டவணை.
எண்ணிய நாட்கள்: மே மாதப் பள்ளி விடுமுறை, செவ்வாய், புதன்.
ஒன்பதரை முதல் மூன்றரை வரை.
நாலு நாற்பது என்ற வரிசையில் ஒரு கோடு.
சின்னக் கிடைக்கோடு.
"அவதானிக்கவில்லை" என்கிறது அடிக்குறிப்பு.
காரணமும் சொல்கிறது. இரண்டு தரம் வாசித்தேன்,
மூன்றாம் தரம் ஹலீனாவுக்கு வாசித்துக் காட்டினேன்:
"அந்நேரத்தில் கணக்கெடுப்பாளர் தரிப்பிடத்தை வந்தடையப்
பொதுப் போக்குவரத்து வசதி இல்லாமையால்."

அவள் சிரித்த சிரிப்பில்
டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

பக்கம் எழுபத்தொன்று, கூட்டல்.
அங்கே கோட்டுக்குப் பதில் பூச்சியம்.
எட்டுப் பக்கம் நடந்த களைப்பில்
வளைந்து சுருண்டிருக்கும், பாவம்.
பூச்சியம் சராசரிக்குள் போனது.
சராசரி சுருக்கத்துக்குள்.
சுருக்கம் பத்திரிகைக்கு.
நிருபர் அதற்குப் "போதாமை" என்று பெயர் வைத்தார்.
அவரை நோக மாட்டேன்:
மூன்று ஊருக்கு ஒரே ஆள்,
சுருக்கம் ஒரு பக்கம், மிச்சம் எண்பத்து மூன்று.

இரண்டு பக்கத்தையும் அவருக்கு அனுப்பினேன்.
"நன்றி, பார்க்கிறேன்."
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை நானே எண்ணினேன்.
ஆட்களை எண்ணுவது நினைத்ததைவிடக் கஷ்டம்,
யாரும் அட்டவணை போல நிற்பதில்லை.
பிரசவ வார்டு துடைக்கிறவர், பாண் அடுக்குகிறவர்,
ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கும் அந்தப் பெடியன்.
இருபத்தாறு.
என்னைச் சேர்க்க மறந்திருந்தேன். இருபத்தேழு.

இப்போது இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன்:
கோட்டைப் பூச்சியமாக்கியது எந்தத் தேதி,
எத்தனை மணிக்கு.
பெயர் வேண்டாம், மை பூசிக்கொள்ளுங்கள்.

இன்று ஏழாம் நாள்.
என் கணக்கில் ஒன்பது.
சனியும் ஞாயிறும் வேலைநாள் இல்லையாம்.
அந்த இரண்டு நாளும்
நாலு நாற்பதுக்கு ஏறி
வேலைக்குப் போய் வந்தோம்.