இல்லாத பசு

தை பிறந்து ஆறாம் நாள்
கதவைத் திறந்தால் முற்றம் இல்லை.
கிணற்றடி பல்பின் வெளிச்சம் எட்டும் வரைக்கும் ஊர்,
அதற்கப்புறம் வெள்ளை.
சுருளகோட்டில் நாற்பத்து நாலு வருஷம்.
மழை என்றால் எனக்கு எல்லா வகையும் தெரியும்,
சாரல், தூற்றல், ஐப்பசி இடி,
ஓடு பறந்த ஓகிப் புயல் உட்பட.
இது யாரென்று தெரியவில்லை.

அண்டி ஆபீசுக்கு எட்டு மணிக்குப் போனால் போதும்.
ஐந்தேமுக்காலுக்கே செருப்பை மாட்டினேன்.
"எங்க போற?"
போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.
"பாலுக்கு."
பால்காரர் சைக்கிளில் வாசலுக்கே வருவார்
என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சானல்கரையில்
தண்ணீர் ஓடும் சத்தம் இருந்தது, சானல் இல்லை.
ரப்பர் தோட்டத்துக்குள் நெற்றிவிளக்குகள் மட்டும்
மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்தன.
ஆள் இல்லாமலே பால் வெட்டிக்கொண்டிருந்தது வெளிச்சம்.
சிவந்த இலை ஒன்று எங்கிருந்தோ விழுந்து
தோளில் ஒட்டியது, நனைந்த ஸ்டாம்பு மாதிரி.
மெல்ல விடிந்தது.
கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன்.
அண்டி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல் நுனிகள்
ஒவ்வொன்றாய் வெள்ளைக்குள் போய்விட்டன.
கொஞ்ச நேரம்
யாருடையதோ சுத்தமான கை.

எதிரே ஒரு தும்மல்.
"யாரது?"
"நாந்தான், கிறிஸ்துதாஸ்.
பசு அவுத்துட்டு ஓடிற்று. கண்டியளா?"
"இல்லியே" என்றேன்.
கிறிஸ்துதாஸ் வைத்திருப்பது
மொபைல் ரீசார்ஜ் கடை.

மறுநாள் பாலத்துப் பக்கம் லீலாபாய் டீச்சர்,
நடுரோட்டில் நின்று
டார்ச்சை அணைத்தும் போட்டும்.
"பேட்டரி போயிற்றான்னு பாக்கேன்."
வெளிச்சம் ஒரு முழம் போய்
சுவரில் முட்டியதுபோல் நின்றது.
அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை
ஐந்தாம் வகுப்பில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் அஜினும் அவன் தங்கச்சியும்.
டிபன் பாக்சைத் திறந்து காற்றில் ஒரு வீச்சு,
டப்பென்று மூடி,
"கிட்டிச்சு, கிட்டிச்சு, ஓடு!"
பள்ளிக்கூடத்தில் திறந்து காட்டுவார்களாம்.
குலசேகரம் பஸ் ஹாரனை எடுக்காமல் அழுத்தியபடி
என்னைவிட மெதுவாக வந்தது.
கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்தார்,
ரோடு இங்கேதான் கிடக்கிறது என்று கையசைத்து.
டிக்கெட் கிழிக்கிற முகமாகவே அது இல்லை.
கல்யாண ஊர்வலத்துக்கு வழிவிடுகிறவர் முகம்.

நாலாம் நாள் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.
புகைப்புரை வளைவு வரை போனோம்.
ரப்பர் ஷீட் புகையும் பனியும் கலந்து
மூக்குக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது.
திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம்.
அப்போதுதான் பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம்.
நான் திரும்பவில்லை.
இடது கால் லேசாக இழுபடும் அந்த நடையோடு
இருபத்தோரு வருஷம் இருக்கிறேன்.
"பாலுக்கா?" என்றேன்.
கொஞ்ச தூரம் பேச்சில்லை.
"பசுவைத் தேடி" என்றார்.

ஐந்தாம் நாள்
ஒளிவுமறைவில்லாமல் விடிந்தது.
மலை அதன் இடத்தில். மின்கம்பி அதன் இடத்தில்.
சானலில் மிதந்த சாம்பார் பாக்கெட்டும் தெரிந்தது.
சானல்கரையில் எல்லாரும் இருந்தோம்,
கையில் காலித் தூக்குவாளி, டார்ச்,
சுருட்டிப் பிடித்த ஒரு கயிறு.
கயிறு கிறிஸ்துதாசுடையது. புதுக்கயிறு,
கடை லேபிள் பிரிக்கவில்லை.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது,
துணியில்லாமல் நிற்கிறோமோ என்கிற மாதிரி.

அஜின் டிபன் பாக்சை இன்னும் திறக்கவில்லையாம்.
அவன் அம்மா வேறு பாத்திரத்தில் சோறு கட்டுகிறாள்,
திட்டிக்கொண்டே.

"பசு கிட்டிச்சா?" என்று கேட்டது லீலாபாய் டீச்சர்தான்.
கிறிஸ்துதாஸ் மலையைப் பார்த்தார்,
கயிற்றைப் பார்த்தார்.
"இல்ல டீச்சர்," என்றார்,
"ஆனா இந்தப் பக்கந்தான் எங்கயோ நிக்கி."