மூன்று வெள்ளிக் கடன்

அறுகம்குடாப் பாலத்துக்குப்
பொத்துவில் பக்கத்தில் என் கடை.
சனிக்கிழமை பின்னேரம்
கறுப்புச் சொக்லேட் ஒன்று கேட்டாள்.
உறையைத் திருப்பித் திருப்பி
ஹலால் முத்திரைக்குப் பக்கத்தில்
தன் ஆட்களின் முத்திரையையும் கண்டுபிடித்தாள்.
இரண்டும் நெல்மணி அளவு.

இன்று காசு தொடமாட்டாளாம்.
தெருவில் எதையும் தூக்கிப் போகவும் கூடாதாம்.
கடையிலேயே நின்று தின்றாள்,
மின்விசிறிக்குக் கீழே, உருக முன்.

எந்த நாடென்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ தெரியாது.
எதிர்ச் சுவரில் பொடியன்மார் ஒட்டிய போஸ்டர்
அவளுக்கும் தெரிந்தது.

போர்த்துக்கல்லில் இருந்து விரட்டுப்பட்ட அவள் முன்னோர்
பிரான்சில் ஓர் ஆற்றங்கரையில்
கொக்கோ அரைத்தார்களாம்.
பகலில் பாலம் கடந்து ஊருக்குள் போகலாம்,
வீடு வீடாய் அரைத்துக் கொடுக்கலாம்;
பொழுது விழமுன் திரும்பிவிட வேண்டும்.
ஊரவர் தொழிலைப் பழகியதும்
பழக்கியவர்களுக்கே தடை போட்டார்களாம்.

நான் பாலத்தைப் பார்த்தேன்.
ஆறு மணிக்கு மூடிய செக்பொயின்ட்,
அடையாள அட்டையைப் பல்லில் கவ்விக்கொண்டு
இரண்டு கையும் தூக்கி நின்ற வாப்பா.
சொல்லவில்லை.
கதைக்குக் கதை கொடுத்தால்
கணக்குத் தீர்ந்துவிடும்.

வானத்தைக் காட்டி
மூன்று விரல் நீட்டிவிட்டுப் போனாள்.
கொப்பியில் எழுதினேன்:
சொக்லேட் ஒன்று. மூன்று வெள்ளி.
நுஸ்லி வாசித்துவிட்டுக் கத்தினான்:
"மூன்று வெள்ளிக்கிழமையா?
சீசன் முடிஞ்சிடும் காக்கா!"

மஃரிப் தொழுது வெளியே வந்தேன்.
பாலத்துக்கு மேலே
ஒன்று, இரண்டு.
மற்றது முகிலுக்குள்.